பிடிடி அழுத்தியதும் செட் அணைவது ஏன்? புதிதாக ஹாம் ஆகிறவர்களுக்கு வோல்ட் முதல் டெசிபல் வரை

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களைத்தான் ஹாம் என்கிறோம். புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, ஹாம் ரேடியோ தேர்வுக்குப் படிக்கிறேன். வோல்ட், ஆம்பியர், ஓம், ஃபாரட், ஹென்றி எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு சர்க்யூட் படத்தைக் கையில் கொடுத்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதில் தொடங்குவது? முதலில் என்னென்ன பாகம் வாங்குவது?"

பாகம் வாங்குவது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். அலகுகளைப் புத்தகத்தில் படிப்பதோடு நிறுத்தாமல் மீட்டர் முனையில் அளந்து பழகுங்கள். எனக்கு ஓம் விதி உண்மையிலேயே புரிந்தது படித்துப் பல வருடம் கழித்துத்தான். அது புரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் சேர்ந்து இறங்கும் ஆனி மாதம். செங்கோட்டைப் பக்கம் கரண்ட் போய் மூன்று மணி நேரமாகிவிட்டது. என் 2 மீட்டர் செட்டை (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் ரேடியோ) 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினேன். நன்றாகக் கேட்டது. புனலூர்ப் பக்கத்து நண்பர் அழைத்தார். பதில் சொல்ல பிடிடியை, அதாவது பேசும்போது அழுத்திப் பிடிக்கிற பொத்தானை, அழுத்தினேன், செட் அணைந்தது. விட்டதும் மறுபடி உயிர் வந்தது. அழுத்தினால் அணைகிறது, விட்டால் எரிகிறது. செட் போய்விட்டது என்றே நினைத்தேன்.

செட்டின் பின்பக்கம் மீட்டரை வைத்தேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது 12.5 வோல்ட், ஒரு குறையும் இல்லை. அப்படியே முனைகளைப் பிடித்துக்கொண்டு பிடிடியை அழுத்தினேன். 10.9-க்கு இறங்கியது. ஓடிப்போய் பேட்டரி முனையில் வைத்து, பக்கத்திலிருந்தவரை அழுத்தச் சொன்னேன். அங்கே 12.1. அப்படியானால் பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவே 1.2 வோல்ட் எங்கே போனது? கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், கைக்குச் சூடாகத் தெரிந்தது.

வீட்டில் கிடந்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்து மாட்டியிருந்தேன். போக 3 மீட்டர், வர 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர். அந்தக் கனத்தில் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். ஆறு மீட்டருக்கு 0.1 ஓம். இவ்வளவு சின்ன எண் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் 50 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் × 0.1 ஓம் = 1 வோல்ட். மீதி 0.2 வோல்ட்டை ஃப்யூஸ் ஹோல்டரும் கம்பி நுனியில் சரியாக நசுக்காத லக்கும் (முனைத் தகடு) தின்றிருந்தன. கேட்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியர்தான், அதனால் இழப்பு 0.06 வோல்ட். மீட்டரில் தெரியவே தெரியாது. கம்பியை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினேன், லக்கைப் புதிதாகப் போட்டேன். செட் ஒழுங்காகப் பேசியது.

இந்த ஒரு கோளாறுக்குள் நான்கு அலகுகள் இருக்கின்றன, பாருங்கள். ஆம்பியர் என்பது எவ்வளவு ஓடுகிறது என்பது. ஓம் என்பது வழி எவ்வளவு நெருக்கடி என்பது. அந்த நெருக்கடியைத் தாண்ட எவ்வளவு அழுத்தம் செலவானது என்பதை வோல்ட் சொல்கிறது. வோல்ட் × ஆம்பியர் = வாட். 1.2 வோல்ட் × 10 ஆம்பியர், ஆக 12 வாட் சும்மா கம்பியைச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

வோல்ட் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வோல்ட் ஒரு இடத்தில் 'இருப்பது' கிடையாது. அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். குண்டாறு அணையில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், வாய்க்கால் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேகம். மீட்டருக்கு இரண்டு முனை இருப்பது அதனால்தான். ஆகவே எங்கே வோல்ட் அளந்தாலும், எதற்கும் எதற்கும் நடுவே அளக்கிறோம் என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆம்பியர் அப்படியில்லை, அதை அளக்க ஓட்டத்தின் குறுக்கே வழியை வெட்டி மீட்டரை நடுவில் செருக வேண்டும். ஆம்பியர் துளையில் ஒயரை வைத்துக்கொண்டு பேட்டரியின் இரு முனையையும் தொட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போகும். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே இருக்காது, மீட்டரே போகும். ஓம் அளக்கும்போது சர்க்யூட்டில் கரண்ட் இருக்கக் கூடாது.

சரி, இப்போது பாகங்கள்.

ரெசிஸ்டரில் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பிலுள்ள வண்ணப் பட்டைகள்தான் அதன் எண்: கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு பட்டை எண், மூன்றாவது எத்தனை சைபர், நான்காவது தங்க நிறமானால் 5 சதவீதம் முன்னே பின்னே. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4, 7, இரண்டு சைபர்: 4700 ஓம், அதாவது 4.7 கிலோ ஓம். சூத்திர வாக்கியம் எதுவும் வேண்டாம். நூறு ரெசிஸ்டரைக் கொட்டி வைத்து, முதலில் கண்ணால் படித்து, பிறகு மீட்டரில் சரிபாருங்கள். இரண்டு சாயங்காலத்தில் வந்துவிடும்.

ஓமைப் பார்க்கிற அளவுக்கு யாரும் ரெசிஸ்டரின் வாட்டைப் பார்ப்பதில்லை. 12 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும் என்று வையுங்கள். எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 10 வோல்ட். 10 மில்லி ஆம்பியர் போதும். 10 ÷ 0.01 = 1000 ஓம். வெப்பம் 10 × 0.01 = 0.1 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இதே கணக்கை டம்மி லோடுக்குப் போடுங்கள். டம்மி லோடு என்பது ஏரியலுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் 50 ஓம் தடை. 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் 20 எடுத்துப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம் வரும், 40 வாட்டும் தாங்கும். கடைக்காரர் "ஒரே ஒரு பெரிய வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இருக்கே, அதை எடுத்துக்கோங்க" என்பார். வாங்காதீர்கள். அதற்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். மீட்டரில் 50 ஓம் காட்டினாலும் ரேடியோ அலைவரிசையில் அது காயிலாகிவிடும். கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள்.

'மீட்டரில் ஒன்று, அலைவரிசையில் வேறொன்று' என்பது புரிந்துவிட்டால் பாதி ரேடியோ புரிந்துவிட்டது என்பேன். ஃபிலிம் ரெசிஸ்டருக்கு நேர்க் கரண்டும் (பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடுவது) விநாடிக்கு 70 லட்சம் முறை மாறும் 7 மெகாஹெர்ட்ஸும் ஒன்றுதான். கெப்பாசிட்டரும் காயிலும் அப்படியில்லை. கரண்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பார்த்து நடந்துகொள்ளும் பாகங்கள் அவை.

முதலில் கெப்பாசிட்டர், நம் மெக்கானிக்குகள் வாயில் கண்டன்சர். இரண்டு தகடு, நடுவில் கரண்ட் கடத்தாத ஒரு படலம். நேர்க் கரண்ட் கொஞ்சம் உள்ளே போய் நிரம்பியதும் நின்றுவிடும். மாறிக்கொண்டே இருக்கிற கரண்டுக்கு அது வழி விடும். எவ்வளவு வழி என்று எண்ணில் பாருங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் சுமார் 32,000 ஓம் தடுக்கும். அதே கண்டன்சர் 7 மெகாஹெர்ட்ஸில் கால் ஓமுக்கும் குறைவு. ஒரே பொருள், ஒருவனுக்குச் சுவர், இன்னொருவனுக்குத் திறந்த கதவு. சர்க்யூட் படத்தில் மூலைக்கு மூலை 0.1 கண்டன்சர் தரைக்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சப்ளை லைனில் திரியும் ரேடியோ அலையைத் தரைக்கு வடித்துவிட்டு, 12 வோல்ட்டைத் தொடாமல் விடுவதுதான் அதன் வேலை.

கண்டன்சரின் அலகு ஃபாரட், அது மிகப் பெரிய அலகு. நமக்கு மைக்ரோ, நானோ, பைக்கோ போதும், ஒவ்வொன்றும் முந்தியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சின்ன கண்டன்சரில் 104 என்று போட்டிருந்தால் 10-க்குப் பின் நான்கு சைபர், பைக்கோஃபாரடில்: 1,00,000 பைக்கோ, அதாவது 0.1 மைக்ரோ. 103 என்றால் 0.01 மைக்ரோ. நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிற ஒன்றும் உண்டு. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கடையில் "ரெண்டரை எம்எஃப்டி கண்டன்சர்" என்று வாங்குவோமே, அந்த எம், மைக்ரோ. மில்லி என்று எண்ணிவிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு தவறிப்போகும்.

உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி மாட்டினால் வீங்கி வெடிக்கும், முகத்தை அருகில் வைத்துக்கொண்டு முதல் முறை சப்ளை கொடுக்காதீர்கள்.

அடுத்தது காயில். கண்டன்சருக்கு நேர் எதிர்: நேர்க் கரண்டை விட்டுவிடும், வேகமாக மாறும் கரண்டைத் தடுக்கும். நம் பக்கத்துக் காற்றாலை இறக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். எடை அதிகம், சட்டென்று சுற்றாது. சுற்ற ஆரம்பித்தால் சட்டென்று நிற்கவும் செய்யாது. காயிலில் கரண்ட் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் கரண்டைத் திடீரென்று வெட்டினால், அதைத் தொடர்ந்து ஓட வைக்கக் காயில் பெரிய வோல்ட்டை எழுப்பும். ரிலே (காயிலின் காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று போடுவது, அந்த அடி டிரான்சிஸ்டர் மேல் விழாமல் இருக்கத்தான்.

காயிலின் அலகு ஹென்றி. எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) வேலைக்கு மைக்ரோஹென்றி. காயில் சுற்றக் கம்பி தேடிப் பெரிய ஊருக்குப் போக வேண்டாம். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை தென்காசியில், செங்கோட்டையில், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் எல்லாம் இருக்கும். 26 கேஜ் எனாமல் கம்பி என்று கேட்டால் மிச்சம் மீதியில் கொஞ்சம் நிறுத்துக் கொடுப்பார்கள். நுனியில் எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் தொடர்பு இருக்காது. புதியவர்கள் செய்த காயிலில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாதி இதுதான்.

இப்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள், மேலே சொன்னதெல்லாம் ஒன்று சேரும். டி50-2 என்ற சிவப்பு நிற இரும்புத்தூள் வளையம் ஒன்றில் 20 சுற்று சுற்றுங்கள் (கம்பி ஒரு முறை துளைக்குள் போனால் ஒரு சுற்று). கிட்டத்தட்ட 2 மைக்ரோஹென்றி வரும். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது தடுப்பது 89 ஓம். அதோடு 250 பைக்கோ கண்டன்சரைச் சேருங்கள். அதே 7.1-இல் அது தடுப்பதும் ஏறத்தாழ 90 ஓம். அலைவரிசை ஏற ஏறக் காயிலின் தடுப்பு கூடும், கண்டன்சரின் தடுப்பு குறையும். இரண்டும் எங்கே சமமாகின்றனவோ, அந்த ஒரு அலைவரிசைக்கு மட்டும் அந்த ஜோடி தனியாக நடந்துகொள்ளும். ஒத்ததிர்வு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். உங்கள் ரேடியோ ஆயிரம் நிலையங்களுக்கு நடுவே 40 மீட்டர் பேண்டை (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மட்டும் பொறுக்கி எடுப்பதும் இந்தச் சமநிலையால்தான்.

வளையம் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவர் (கேட்கவும் பேசவும் ஒரே செட்) உலகம் முழுக்க ஹாம்கள் கையால் செய்து பார்த்த ஒன்று. இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஓட வேண்டும் என்று எண்ணி, அதன் காயில்களைத் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றச் சொன்னார். காற்றும் பிளாஸ்டிக்கும் காயிலுக்கு ஒன்றுதான், சுற்று மட்டும் அதிகம் வேண்டும்.

டயோடு ஒருவழிப் பாதை, வாய்க்காலில் மடை போல. சிலிக்கான் டயோடு திறக்கவே 0.6 வோல்ட் கேட்கும், ஜெர்மேனியம் 0.2, 0.3-இல் திறக்கும். பழைய கிரிஸ்டல் ரேடியோவில் ஜெர்மேனியம் தேடுவது அதற்குத்தான், ஏரியலில் வருகிற சின்ன அலைக்கு 0.6 வோல்ட் எங்கிருந்து வரும்? கோடு போட்ட முனை கேத்தோடு, கரண்ட் வெளியேறும் பக்கம். 4007 டயோடு சப்ளைக்கு, 1000 வோல்ட், 1 ஆம்பியர். ரேடியோ அலைக்கு அது மெதுவானது, அங்கே 4148.

அந்த 4148-ஐயும் ஒரு 0.01 கண்டன்சரையும் டம்மி லோடில் சேர்த்தால் உங்கள் மல்டிமீட்டரே வாட் மீட்டர் ஆகும். 5 வாட் 50 ஓமில் போனால் வோல்ட் 15.8. ஆனால் அது சராசரி வகை அளவு, அலையின் உச்சி 22.4. டயோடு உச்சியைத்தான் பிடிக்கும், தன் 0.6-ஐக் கழித்து மீட்டரில் 21.8 காட்டும். திருப்பிக் கணக்கிட்டால் வாட் கிடைத்துவிடும். 50 வாட் செட்டை மட்டும் இதில் விடாதீர்கள். உச்சி 70 வோல்ட்டைத் தாண்டும், டயோடு மேல் பின்பக்கமாக அதன் இரு மடங்கு விழும், 4148-இன் தாங்கும் அளவு 100 வோல்ட்தான்.

டிரான்சிஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தொடக்கத்தில் அவ்வளவு போதும். அதற்கு மூன்று கால்: பேஸ் என்ற காலில் சிறிய கரண்ட் விட்டால், கலெக்டர் என்ற காலில் பெரிய கரண்ட் ஓடும், இரண்டும் எமிட்டரில் சேரும். பிசி547 வாங்கித் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு நம்பரில் இந்த வரிசை மாறும், மீட்டரின் டயோடு நிலையில் சரிபார்த்துவிட்டே ஈயம் வையுங்கள்.

என்னென்ன வாங்குவது என்று கேட்டீர்களே, பாதியை வாங்கவே வேண்டாம். பரணில் கிடக்கும் செத்துப்போன சிஎஃப்எல் பல்புகளின் அடிப்பகுதியில் ஒரு வட்ட போர்டு இருக்கும். அதில் 4007 டயோடுகள், சில ரெசிஸ்டர்கள், ஃபிலிம் கண்டன்சர்கள், ஒரு சின்ன ஃபெரைட் வளையம், எலக்ட்ரோலைட்டிக் எல்லாம் கிடைக்கும். கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாமல் திறக்க வேண்டும், உள்ளே பாதரசம் இருக்கிறது. எலக்ட்ரோலைட்டிக்கில் பழைய சார்ஜ் நின்றிருக்கலாம், ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து வடித்துவிட்டுக் கை வையுங்கள். செட் வாங்குவதும் இயக்குவதும் உரிமம் கைக்கு வந்த பிறகுதான். தொடக்க நிலை உரிமமான ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்தி தேவையில்லை. 12 வயது ஆகியிருந்தால் தேர்வு எழுதலாம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெசிபல் பற்றியும் பலர் குழம்புவார்கள். அது வோல்ட் போல ஒரு பொருளை அளப்பதில்லை, எத்தனை மடங்கு என்று சொல்வது. வாட் கணக்கில் 3 டெசிபல் இரண்டு மடங்கு, 10 டெசிபல் பத்து மடங்கு. வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி 6 டெசிபல். அப்படியானால் 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தாலும் எதிர்முனையில் இரண்டு படிகூடக் குறையாது. பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டிய நாளில் இந்தக் கணக்கு பெரிய காரியம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் ஹாம் நிலையத்தோடு இருந்த பாரதி பிரசாத் குழுவும், 2018 வெள்ளத்தில் கேரளத்து ஹாம்களும் செய்தி கடத்தியது மின்சாரமும் தொலைபேசியும் படுத்துப்போன நேரத்தில்தான். அப்படி ஒரு நாள் நமக்கும் வரலாம், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் 10 ஆம்பியர் இழுத்தால் அரை மணி நேரம்கூட ஓடாது. பவரைக் குறையுங்கள், கேபிளைக் கவனியுங்கள். செட்டிலிருந்து ஏரியலுக்குப் போகும் ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டருக்கே ஏறத்தாழ 3 டெசிபல் தின்னும். செட்டிலிருந்து கிளம்பியதில் பாதி மொட்டை மாடிக்கு வந்து சேராது.

கடைசியாக ஹெர்ட்ஸ். ஒரு விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது. பழைய வால்வு ரேடியோ டயலில் 'கேசி', 'எம்சி' என்று பார்த்திருப்பீர்கள். கிலோசைக்கிள், மெகாசைக்கிள் என்பதன் சுருக்கம் அது, ஹெர்ட்ஸ் என்ற பெயர் 1960-இல்தான் உலக அலகானது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145-க்கு 2.07 மீட்டர். ஏரியல் கம்பிக்கு அதில் கால் பங்கு, 52 சென்டிமீட்டர், கம்பியில் 5 சதவீதம் குறைத்து 49. முதலில் இரண்டு விரற்கடை நீளமாகவே வெட்டி, எஸ்டபிள்யூஆர் (ஏரியல் ஏற்காமல் திரும்பி வரும் பவரைக் காட்டும் அளவு) பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.

40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (இரண்டு கை கொண்ட கம்பி ஏரியல்) கட்டினால் மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவில் வெட்டி இருபுறமும் பத்துப் பத்து. நம் தோப்புகளில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்ட வசதிதான், ஆனால் இறுக்கிக் கட்டாதீர்கள். கணவாய்க் காற்றில் தென்னை ஒரு ஆள் உயரம் ஆடும், கம்பி அறுந்துவிடும். ஒரு முனையில் சின்னக் கப்பி போட்டுக் கயிற்றில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள், மரம் ஆட ஆடச் செங்கல் ஏறி இறங்கும். மின்வாரியக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, அறுந்து விழுந்தாலும் அதன்மேல் படாத இடமாக எடுங்கள்.